தொப்பூரில் நின்ற மூன்றிதழ் லாரி

1

பள்ளிக் கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு அண்ணன் போன் செய்தான். ஊரில் அப்போது மாலை நான்கு. வேலை நேரத்தில் அவன் என்னோடு பேசுவதே இல்லை என்பதால், மாவுக் கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

அண்ணன் மாதேஷ் தொப்பூர் கணவாயில் கிரேன் ஓட்டுகிறான். தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலை மலையை அறுத்து இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் பிடிக்காமல் கவிழும் லாரிகளைத் தூக்கி ஓரம் கட்டுவது அவன் தொழில். நான் கனடாவில், அணு எரிபொருளைச் சாலையில் கொண்டுபோகும் கலங்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். விழுந்ததை அவன் தூக்குகிறான், நான் தூக்கிப் போட்டு உடைகிறதா என்று பார்க்கிறேன் என்று வீட்டில் கேலி பேசிக்கொள்வோம்.

அன்று அவன் குரலில் கேலி இல்லை. பின்னால் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது.

"பாப்பா, ஒரு லாரி அச்சு முறிஞ்சு சாஞ்சு நிக்குது. மேல இருக்கற பெட்டியில, உன் ஆபீசு காலண்டர்ல இருக்குமே, அந்த மூணு எலை படம். கொக்கி மாட்டலாமா, வேணாமா?"

2

மூன்று இலை என்று அவன் சொன்னது கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னத்தை. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன், அதற்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

நல்லம்பள்ளிப் பக்கத்துப் பள்ளியில் படித்துவிட்டு, சேலத்தில் பொறியியல் முடித்து, நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் மாதம்மாள். அலுவலகத்தில் 'மாடி'. மொட்டை மாடியா, கீழ் மாடியா என்று அண்ணன் இன்னும் கேட்பான்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு கலத்தின் மூடி பற்றிய அறிக்கையில், இந்தத் திருகாணியைப் பற்றி எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். நம் ஊர் ஆங்கிலத்தில் டவுட் என்றால் ஒரு விளக்கம் கேட்பது, அவ்வளவுதான். இங்கே அது அபாயச் சங்கு. பொறியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அன்றைய சோதனையையே நிறுத்தினார்கள். மூன்று பக்கப் படிவம், இரண்டு விசாரணை. எனக்குத் தெரியவேண்டியது அந்தத் திருகாணி எந்த உலோகம் என்பது மட்டும்தான். அன்று அழுகை வந்தது. பிறகு யோசித்தபோது, ஒரு சின்ன சந்தேகத்துக்காக வேலையை நிறுத்துகிறவர்களிடம் வேலை செய்வது நல்லதுதான் என்று பட்டது.

ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து, கொஞ்சமும் வளைந்து கொடுக்காத தளத்தில் கலத்தைப் போடுவோம். இரும்பு முனைமேல் விழவைப்போம். எண்ணூறு டிகிரி நெருப்பில் அரை மணி நேரம் வைப்போம். தண்ணீரில் அமிழ்த்துவோம். இவ்வளவுக்கும் தாங்கினால்தான் உள்ளே எரிபொருளை வைக்க விடுவார்கள். சில வருடங்களாக எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. உலைகளில் பயன்படுத்தி முடிந்த எரிபொருளை வருங்காலத்தில் எந்தச் சாலைகள் வழியாகக் கொண்டுபோகலாம் என்று பேசப்படுகிறதோ, அந்தச் சாலையோர ஊர்களுக்குப் போய் இதையெல்லாம் விளக்குவது.

வடக்கே ஐந்து மணி நேரம் காரோட்டிப் போக வேண்டிய ஒரு சிறிய ஊரில் அந்தக் கூட்டம். என் பெண் கயலுக்குப் பதினாறு வயது. கணவருக்கு அன்று வேலை என்பதால் அவளையும் கூட்டிப்போனேன். வழியெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். இரண்டு வருடமாக எங்கள் பேச்சு அப்படித்தான்.

கூடத்தில் எழுபது பேர் இருந்தார்கள். படங்களைப் போட்டுக் காட்டினேன். ரயில் மோதியும் உடையாத கலத்தின் வீடியோவைக் காட்டினேன். இதன் பக்கத்தில் நான் தயங்காமல் நிற்பேன் என்றேன். முடித்ததும் முன்வரிசையிலிருந்து மார்கரெட் என்ற பெண்மணி எழுந்தார். அறுபது வயது இருக்கும். நெடுஞ்சாலையில் உணவுக் கடை நடத்துகிறார். அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

பனி கொட்டும் நாளில் உங்கள் லாரி என் கடைக்கு முன்னால் கவிழ்ந்தால், முதலில் வந்து நிற்பது யார் என்று கேட்டார். நிபுணர் குழு வரும் என்றேன். எத்தனை மணி நேரத்தில் என்றார். நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் அந்தக் கணக்கு இல்லை. அதுவரைக்கும் நிற்கப்போவது நான்தான், எனக்கு என்ன சொல்லித் தந்திருக்கிறீர்கள் என்றார். அப்படிக் கவிழ்வதற்கான வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் படத்தை நான் மறுபடி போட்டேன். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே பாதிக் கூட்டம் போனது.

திரும்பும்போது கயல் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். வாசலில் எதிர்ப்பாளர்கள் வைத்திருந்த மனுவில் தானும் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். அவர்கள் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை அம்மா, வேறு ஒன்றுக்குச் சொன்னாய் என்றாள்.

3

அண்ணன் கேட்டபோது தோசைக் கல் அடுப்பில் இருந்தது. மாவுக் கையோடு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கயலும் கேட்டாள்.

அவன் சொன்னதை வைத்து நிலைமை புரிந்தது. லாரி சரிவின் பாதியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, சாலை ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. முன்னும் பின்னும் காவல் வண்டிகள். போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஆக ஆக மேலிருந்து கனரக லாரிகள் சேர்ந்துகொண்டே போகும், அதில் ஒன்றுக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் நேரே இதன்மேல்தான் வந்து மோதும். வெளிச்சம் இருக்கும்போதே தூக்கிவிட வேண்டும்.

ஆனால் தூக்க ஆளில்லை. அண்ணனோடு பதினைந்து வருடமாகக் கொக்கி மாட்டும் அன்வர் பாய், தருமபுரி டவுன்காரர், கிரேன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் ஏழு மாதக் கர்ப்பத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். துணியில் எதையாவது ஒட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது அவர் பயம். அதற்குள் வாட்ஸ்அப்பில் செய்தி பரவிவிட்டது. தொப்பூர்க் காற்றைச் சுவாசிக்காதீர்கள் என்று யாரோ எழுத, சாலையோர ஊர்க்காரர்கள் ஒரு பைக்கில் மூன்று பேர், நான்கு பேராக ஏறி, எதிர்த்திசையில் அதே கணவாய்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று காயம்பட்டது ஒரே ஒருவர்தான். அப்படிப் போன பைக்கிலிருந்து விழுந்த ஒரு பெண். கை முறிந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சமையல் எண்ணெய் டேங்கர் கவிழ்ந்தால் குடத்தோடு ஓடி வருகிற சனம், கீறல்கூட விழாத பெட்டியைப் பார்த்துப் பயந்து ஓடுகிறது என்று அலுவலகத்தில் நானே எத்தனையோ முறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று வேடிக்கையாக இல்லை. எண்ணெய் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டி என்ன செய்யும் என்று அவர்களிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்கச் சொன்னேன். தூரத்திலிருந்து போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதாகச் சொன்னான். மேல்பாதி மஞ்சள் என்றான். அதற்குமேல் எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தமிழில் விளங்கச் சொல்ல வரவில்லை. கயல் தன் போனில் அதே மாதிரி லேபிளைத் தேடி எடுத்து, பார்க்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு அவனுக்கு அனுப்பிவிட்டுப் பேசினாள்.

"மாமா, நான் கயல். படம் வந்திச்சா? செவப்பு லைன் எத்தனை இருக்கு?"

அவள் தன் மாமாவோடு தானாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"ரெண்டு, கண்ணு. கீழ சின்னக் கட்டத்துல புள்ளி நாலுன்னு போட்டிருக்குது."

எனக்குக் கணக்கு வந்துவிட்டது. லேபிள் சொல்வது சரியாக இருந்தால், அந்தப் பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் நிற்பதும், விமானத்தில் ஒரு மணி நேரம் பறப்பதும் கதிர்வீச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றும் ஆகாது, மாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். அந்த எண் லாரி கிளம்பிய இடத்தில் அளந்தது. அச்சு முறிந்து சாய்ந்த பிறகு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. உடைந்திருக்க வாய்ப்பே இல்லை என்று என் அனுபவம் சொன்னது. ஆனால் போகப்போகிறவன் என் அண்ணன். அடுப்பில் தோசை கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"பாப்பா, நீ இங்க இருந்தா கிட்டப் போவியா?"

கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் ஊராகப் போய், கலத்தின் பக்கத்தில் தயங்காமல் நிற்பேன் என்று சொன்னவள் நான்.

"கதிர்வீச்ச அளக்கற மீட்டர் இல்லாம போவ மாட்டேன்ணா," என்றேன். "கூட வந்த காவல் வண்டியில ஒரு ஆபீசர் இருப்பாரு. அவருகிட்ட மீட்டர் இருக்கும். அளந்து காட்டச் சொல்லு. காட்டுனா மாட்டு. காட்டலன்னா கிரேன எடுக்காத."

4

பிறகு நடந்ததை அன்றே அண்ணன் எனக்கு முழுதாகச் சொன்னான்.

அந்த அதிகாரிக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். காலையிலிருந்து சாப்பிடாத முகம். பெட்டியில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று யாரிடமும் பேசக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அதனால் எல்லாம் சேஃப்தான், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சத்தம் போடவில்லை. சார், உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை, அந்த மெஷினை மட்டும் எங்கள் கண்முன்னால் வைத்துக் காட்டுங்கள் என்றான். அவர் யார் யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரம் போனது. கடைசியில் வண்டியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் அன்வர் பாய் படியிலிருந்து எழுந்தார்.

"சார், அங்க போவாதீங்க. மொதல்ல இங்க வச்சுக் காட்டுங்க. இந்தப் பாறைமேல."

சாலைக்காக அறுத்த பாறைச் சுவர் அது. அதிகாரி ஒருமாதிரி பார்த்துவிட்டு, மீட்டரைப் பாறையருகே கொண்டுபோனார். அது டிக் டிக்கென்று அடித்தது. சின்னதாக ஒரு எண்ணும் காட்டியது. அன்வர் பாய் பின்னால் நகர்ந்துவிட்டார். பாறையிலும் இருக்கிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் கொஞ்சம் இருக்கும் பாய், மண்ணில், பாறையில், நம் உடம்பிலும்கூட என்றார் அதிகாரி. அந்த மனிதர் அன்றைக்கு முதன்முதலாக விளக்கமாகச் சொன்ன வாக்கியம் அதுதான் என்று அண்ணன் சொன்னான்.

"அப்ப இருக்குதா இல்லையான்றது பேச்சில்ல," என்றாராம் அன்வர் பாய். "எவ்வளவு இருக்குதுன்றதுதான் பேச்சு. குடுங்க, நானே புடிக்கறேன்."

மீட்டரை வாங்கிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று எண்ணைச் சத்தமாகப் படித்தார். நெருங்க நெருங்க எண் ஏறியது, ஆனால் குதிக்கவில்லை. ஒரு மீட்டர் தூரத்தில், லேபிளில் இருந்த கணக்கை அது தாண்டவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தார். எந்தப் பக்கமும் வித்தியாசமாக அடிக்கவில்லை. இங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்டார். நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார் அதிகாரி.

"எனக்குப் பத்து நிமிசம் போதும் சார்."

பத்து நிமிடத்துக்குள் நான்கு கொக்கியும் மாட்டிவிட்டார். ஆறு மணிக்குப் பெட்டி இன்னொரு வண்டியில் ஏறியிருந்தது. கிளம்பும் முன் அன்வர் பாய் தன் சட்டை, கை, செருப்பு எல்லாவற்றிலும் மீட்டரை வைத்துக் காட்டச் சொன்னார். அதிகாரி அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் பாய் வீட்டுக்குப் போன் செய்து மகளிடம் பேசினாராம். இப்போது பேத்தி பிறந்து, கழுத்து நின்றுவிட்டது.

அண்ணன் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த நிகழ்தகவும் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ஆறுதல் தந்தது ஒன்றுதான், அளக்கச் சொல்லிக் கேட்டால் அளந்து காட்ட அங்கே ஒருவர் இருந்தார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை அண்ணன் தருமபுரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். கிரேன்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், கணவாய் டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் இதைப் பற்றி ஒருநாள் சொல்லித்தர வேண்டும் என்று. மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கும் அதே பதில். மூன்றாவது மனுவோடு அன்வர் பாயும் போனார். போன மாதம் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த வகுப்பு நடந்தது. மீட்டர் பிடித்துக் காட்ட முன்னால் போனது அவர்தான் என்று சொல்லவே வேண்டாம்.

5

நானும் மனு போட்டேன், என் அலுவலகத்தில். பொதுக் கூட்டத்துக்கு மீட்டரைக் கொண்டுபோய் மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று. நான்கு படிவங்கள். சும்மா இருக்கும் பாறையருகே மீட்டர் அடித்தால் மக்கள் இன்னும் பயந்துவிட மாட்டார்களா என்று மேலாளர் கேட்டார். பயப்படுவார்கள், அதன் பிறகு அடுத்த கேள்வியைக் கேட்பார்கள் என்றேன். ஐந்து வாரம் கழித்து அனுமதி வந்தது.

அதே ஊர், அதே கூடம். கயல் தானாகவே கிளம்பி வந்தாள். இந்த முறை திரையை விரிக்கவே இல்லை. என் அண்ணனின் கதையைச் சொன்னேன். மீட்டர் இல்லாமல் போகமாட்டேன் என்று நான் சொன்னதையும், போன கூட்டத்தில் நான் வேறு மாதிரி பேசியதையும் சொன்னேன். லேபிளில் இருப்பது கிளம்பிய இடத்துக் கணக்கு என்பதையும் மறைக்கவில்லை.

மார்கரெட் எழுந்து வந்து மீட்டரை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கூடத்தின் கருங்கல் படி, தன் தீயணைப்பு வண்டி, சாலை ஓரம் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து நான்கு விஷயம் கேட்டார். தீயணைப்பு நிலையத்தில் இரண்டு மீட்டர். வருடம் ஒருமுறை பயிற்சி. கூப்பிட்டால் மனிதர் எடுக்கும் ஒரு போன் நம்பர். லாரி வருவதற்கு முன் தகவல். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, ஆனால் மாட்டேன் என்று பதில் வந்தாலும் அதை நானே நேரில் வந்து சொல்வேன் என்றேன். நான் இன்னும் எதிர்ப்புதான் என்றார் அவர். தெரியும் என்றேன். கயலும் தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

முதல் மூன்றுக்கும் ஒப்புதல் கிடைத்தது. நான்காவது, பாதுகாப்புக் காரணம் என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னபோது மார்கரெட் தலையாட்டினாரே தவிர, எழுந்து போகவில்லை.

இலைகள் சிவந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, தீயணைப்பு நிலையத்தில் முதல் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மீட்டர் பாடம் முடிந்ததும் மார்கரெட், மலைச்சரிவில் அந்தப் பெட்டியைத் தூக்கியவரோடு பேச முடியுமா என்று கேட்டார். ஊரில் இரவு ஏழரை மணிதான். கயல் வீடியோவில் மாமாவைக் கூப்பிட்டுச் சுவரில் பெரிதாகத் தெரியவைத்தாள். அண்ணன் கிரேனுக்கு முன்னால், டீ கிளாஸோடு, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றான். மார்கரெட் கேட்டது கதிர்வீச்சைப் பற்றி இல்லை. சரிவில் சாய்ந்து நிற்கும் கனமான வண்டியிடம் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்றார். கயல் அதைத் தமிழில் சொன்னாள்.

"மொதல்ல அண்டக் குடுக்கோணும் கண்ணு. அதுக்கப்புறந்தான் கொக்கி."

கயலுக்கு அந்த வார்த்தை தெரியாது. பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். நிலையத்தின் மறு மூலையில் மீட்டர்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த நான் சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன். அப்படீன்னா என்ன மாமா என்று அவள் கேட்டாள். அவன் போனைக் கீழே இறக்கி, ஒரு பெரிய கல்லைக் காலால் தள்ளிக் கிரேன் சக்கரத்துக்கு அடியில் இறுக்கிக் காட்டினான். அவள் முகம் தெளிந்தது. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லைச் சத்தமாகச் சொன்னாள்.

மார்கரெட் கரும்பலகைக்குப் போய் அதை முதல் வரியாக எழுதினார். எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கயல் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ம், அடுத்தது சொல்லுங்க மாமா."